ஒரு வளையமும் பன்னிரண்டு கோழிகளும்

நான் நன்றாகச் சமைப்பேன், மேடம். என் துறைக்காரர்கள் பெரும்பாலும் அப்படித்தான். அளந்து போடுவது, கிளறுவது, கொதி வந்ததும் சூட்டைக் குறைப்பது, ஆறவைத்து வடிகட்டுவது. கரிம வேதியியல் என்பது உப்புப் பார்க்க முடியாத சமையல், அவ்வளவுதான்.

ஏன் செய்தீர்கள் என்று கேட்டீர்கள். எங்கள் கட்டுரைகளில் காரணம் கடைசியில்தான் வரும். முதலில் செய்முறை, அடுத்து முடிவுகள், அப்புறம்தான் விவாதம். இருபத்திரண்டு வருடப் பழக்கம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் தீனதயாளன். புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில், நெடுஞ்சாலையோரம் இருக்கும் ஒரு தனியார் கல்லூரியில் வேதியியல் துறைத் தலைவர். தலைவர் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். துறையில் மொத்தம் நான்கு பேர். அதில் ஒருவர் பிரசவ விடுப்பில் இருந்தார்.

என் ஆராய்ச்சி பல்லின வளையச் சேர்மங்களில். பெயர்தான் பயமுறுத்தும். கார்பன் அணுக்கள் ஐந்தோ ஆறோ கைகோத்து வளையமாக நிற்கும். அதில் ஒன்றிரண்டை விலக்கிவிட்டு, அந்த இடத்தில் நைட்ரஜனையோ கந்தகத்தையோ நிறுத்த வேண்டும். மருந்துக்கடையில் இருக்கும் மாத்திரைகளில் பாதிக்கு மேல் இப்படி ஒரு வளையம் உட்கார்ந்திருக்கும். அதனால், வளையம் செய்கிற ஒவ்வொருவனும் மருந்து கண்டுபிடிக்கிறவன் என்று எங்களுக்குள் ஒரு நினைப்பு.

எண்பத்து மூன்று கட்டுரைகள் எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றின் கடைசி வரியும் ஒன்றுதான்: 'இச்சேர்மங்கள் எதிர்காலத்தில் மருந்தாகப் பயன்படக்கூடும்.' என் மனைவி மோகனப்பிரியா ஒருநாள் அதைப் படித்துவிட்டு, "எம்பத்து மூணு மருந்து கண்டுபுடிச்சிருக்கறீங்க. எனக்குத் தலைவலின்னா மட்டும் மெடிக்கலுக்குத்தான் ஓடோணும்" என்றாள். நானும் சிரித்தேன். உண்மையைச் சொன்னால் சிரிப்பதைத் தவிர வேறு என்ன செய்வது?

ஒரு கிருமி நிறைந்த தட்டில் சிறு குழி போட்டு, நம் சேர்மத்தை அதில் விடுவோம். கிருமி செத்தால் குழியைச் சுற்றித் தெளிவாக ஒரு வட்டம் விழும். அதை ஸ்கேல் வைத்து அளப்போம். என் சேர்மங்களுக்கு ஏழு மில்லிமீட்டர் விழும். குழியே ஆறு மில்லிமீட்டர். நான் அதைப் பதினேழு என்று எழுதுவேன். முன்னால் ஒரே ஒரு ஒன்று. யாருக்கும் கேடில்லை என்று நினைத்தேன். அந்தக் கட்டுரைகளை யாரும் படிப்பதில்லை. என்னைப் போல எழுதுகிறவர்கள் தங்கள் கட்டுரையில் என் பெயரைக் காட்டுவார்கள். பதிலுக்கு நான் அவர்கள் பெயரைக் காட்டுவேன். சம்பந்தி வீட்டுச் சீர் மாதிரி, வந்தால் போக வேண்டும்.

இந்த இடத்தில்தான் யாழினி வருகிறாள். உங்கள் ஸ்டேஷனில் புகார் கொடுத்திருக்கிறாளே, அவள்தான். என்னிடம் ஆய்வு மாணவியாகச் சேர்ந்து மூன்று வருடம். நாமகிரிப்பேட்டை மஞ்சள் மண்டியில் எடை போடுகிறவரின் மகள். எடை விஷயத்தில் அப்பாவைவிட மோசம். பத்து மில்லிகிராம் என்றால் பத்துதான் இருக்கும். எனக்கு அது ஆரம்பத்திலிருந்தே கொஞ்சம் சங்கடம்.

போன வருடம் ஜனவரியில் அவள் ஒரு தட்டைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு ஓடிவந்தாள்.

"சார், நயன்-சி பாருங்க. இருவத்தி நாலு விழுந்திருக்குதுங்க சார்."

"நாலா, பதினாலா?"

"இருவத்தி நாலுங்க. மூணு தடவ போட்டுப் பாத்துட்டேன். நெசமாலுமே வேல செய்யுதுங்க சார்."

நயன்-சி என்பது அந்தச் சேர்மத்துக்கு நாங்கள் வைத்த அடையாளம். முழுப்பெயர் மூன்று வரிக்கு நீளும். ஒரு பைரசோல் வளையம், அதன் தோளில் ஒரு தயசோல் வளையம். யாழினி போன பிறகு கதவைச் சாத்திவிட்டு நானே ஸ்கேலை எடுத்து அளந்தேன். இருபத்து நான்கு. எதையும் முன்னால் சேர்க்க வேண்டியிருக்கவில்லை. இருபத்திரண்டு வருடமாக மருந்து மருந்து என்று எழுதியவனுக்கு, ஒரு மருந்து கிடைத்துவிட்டது. சொன்னால் சிரிப்பீர்கள், நான் அந்தத் தட்டைப் படம் எடுத்து என் போனில் முகப்புப் படமாக வைத்துக்கொண்டேன். என் கல்யாணப் படம் இருந்த இடம் அது.

தட்டில் வேலை செய்தால் போதாது, உயிரில் செய்ய வேண்டும். இந்தப் பக்கத்தில் எலியைத் தேடிப் போக வேண்டியதில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் கோழி. என் பழைய மாணவர் ஈஸ்வரின் சித்தப்பா மணியன் நாற்பதாயிரம் முட்டைக்கோழி வைத்திருந்தார். வெயில் ஆரம்பித்தால் கழிச்சல் வந்து கோழி சாகும் என்று வருடா வருடம் புலம்புவார். போய்க் கேட்டேன்.

"சாருக்கு இல்லாத கோழியா? எத்தன வேணும், அஞ்சாயரம் எடுத்துக்கறீங்களா?"

"பன்னெண்டு போதுங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பன்னெண்டு கோழிக்கா காருல வந்தீங்க?"

விலங்குகளில் சோதிக்க ஒரு குழுவிடம் அனுமதி வாங்க வேண்டும். வாங்கவில்லை. படிவம் பதினான்கு பக்கம் இருந்தது. நாற்பதாயிரம் கோழி கொக்கரிக்கிற இடத்தில் பன்னிரண்டுக்கு எதற்கு அனுமதி என்று தோன்றியது. கடைசிக் கொட்டகையின் ஓரக் கூண்டில் பன்னிரண்டு கோழிகள். இருபத்தெட்டு நாள் சோதனை. நாளுக்கு ஒன்றாக இருபத்தெட்டுப் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். அதைத் தீவனத்தில் கலந்து போடுவது அங்கே வேலை செய்த மாரியின் பொறுப்பு. மாரியும் அவன் மனைவி ஆராயியும் பண்ணைக்குள்ளேயே ஒரு தகரக் கூரை வீட்டில் இருந்தார்கள். நாலு வயதில் ஒரு பெண் குழந்தை. நிலா.

நான் பொறுப்பில்லாதவன் இல்லை. மணியனிடம் ஒரு விஷயத்தைத் திட்டவட்டமாகச் சொன்னேன். இந்தக் கூண்டு முட்டை லோடில் சேரக் கூடாது. குழி வெட்டிப் புதைத்துவிட வேண்டும்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. "முட்டையப் பொதைக்கோணுமுங்களா? என்ற அப்பன் காலத்துலருந்து செத்த கோழியப் பொதச்சிருக்கறோம். முட்டைய மண்ணுல போட்டதில்லீங்க சார்."

"ஒரு நாளைக்குப் பத்து முட்டைதானுங்களே."

"பத்துன்னாலும் முட்டைதானுங்களே."

கடைசியில் தலையாட்டினார். அவருடைய தலையாட்டலுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். முட்டைப் பண்ணைகளில் ஒரு வழக்கம் உண்டு. உடைசல் முட்டை வண்டி ஏறாது. கொஞ்சம் பேக்கரிக்குப் போகும். மிச்சம் வேலைக்காரர் வீட்டுக்கு. யாரும் கேட்பதில்லை, யாரும் தடுப்பதில்லை. நயன்-சி தின்ற கோழிகளுக்கு ஒரு வாரத்தில் முட்டை ஓடு மெலிந்துவிட்டது. "ஓடு பேப்பராட்டம் இருக்குதுங்க சார், தொட்டா உள்ள போவுது" என்று மாரி சொன்னான். பத்தில் எட்டு உடைசல். மணியனைப் பொறுத்தவரை அது இப்போது வழக்கத்துக்குள் வந்துவிட்டது. புதைக்கிற பாவமும் இல்லை, லோடில் சேர்த்த குற்றமும் இல்லை. கோழிக்குத்தானே மருந்து, முட்டைக்கு இல்லையே என்று அவர் நினைத்தார். அவர் படித்தது எட்டாவது. அவரைக் குறை சொல்ல முடியாது.

நான் படித்தவன். கொழுப்பில் கரையும் சேர்மம் மஞ்சள் கருவில் போய்ச் சேரும். முதுகலை இரண்டாம் வருடத்தில் நானே நடத்தும் பாடம் அது. நன்றாக நடத்துவேன் என்று மாணவர்கள் சொல்வார்கள்.

ஒன்பதாம் நாள் கோழிகளை எடை பார்க்கப் போயிருந்தேன். நிலா வாசலில் ஒரு தட்டை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். உடைத்து ஊற்றிப் பொரித்த முட்டை மூன்று. மஞ்சளை மட்டும் தோண்டித் தின்றுவிட்டு, வெள்ளையை ஓரமாக ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

"வெள்ளையையும் தின்னு சாமி" என்றாள் ஆராயி உள்ளேயிருந்து.

"அது அப்பனுக்கு" என்றாள் நிலா.

ஆராயி வெளியே வந்து என்னைப் பார்த்ததும் கூச்சத்தோடு சிரித்தாள். "மஞ்சக்கருன்னா உசுருங்க சார். உங்க கூண்டு முட்டைதானுங்க. மொதலாளி கொழந்தைக்கு ஆக்கிக் குடுன்னுட்டாருங்க. ரெண்டு நாளா ஒரே கும்மாளந்தான். நீங்களும் ஒண்ணு சாப்புடறீங்களா?"

வேண்டாம் என்றேன். வயிறு சரியில்லை என்றேன்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். சொன்னால் மணியன் பயப்படுவார். கூண்டைக் காலி செய்யச் சொல்வார். பத்தொன்பது நாள் மிச்சமிருந்தது. அனுமதி இல்லாத சோதனை என்பது வெளியே வரும். இதற்கெல்லாம் மேலே, அந்தப் பன்னிரண்டு கோழிக்கும் கழிச்சல் நின்றுவிட்டிருந்தது. பக்கத்துக் கூண்டுகளில் செத்துக்கொண்டிருந்தன, என் கூண்டில் தீவனம் கேட்டுக் கத்திக்கொண்டிருந்தன. ஒரு மனிதனுக்கு வாழ்க்கையில் ஒருமுறைதான் இப்படிக் கிடைக்கும்.

குறிப்பேட்டில் அன்றைய தேதிக்குக் கீழே கோழிகளின் எடையை எழுதினேன். அதற்கும் கீழே, 'மூவர். நலம்.' என்று எழுதினேன். யாழினி உங்களிடம் காட்டிய பக்கம் அதுதான். மூவர் யார் என்று அவள் என்னிடம் கேட்டபோது, மணியன், மாரி, நான் என்று சொன்னேன்.

பன்னிரண்டாம் நாள் ஒரு கோழி செத்தது. மாரி அதை ஒரு பையில் போட்டு யாழினியிடம் கொடுத்தனுப்பினான். விலங்கியல் துறையில் வைத்து அறுத்துப் பார்த்துவிட்டு, கை கழுவாமல்கூட வந்து நின்றாள்.

"ஈரல் மஞ்சளா இருக்குதுங்க சார். வெண்ணையாட்டம் கையில ஒட்டுது."

"வெயிலுக்குச் செத்திருக்கும் அம்முணி."

"வெயிலுக்கு ஈரல் உருகாதுங்க சார். நயன்-சிதான். எனக்குச் சந்தேகமே இல்ல. இத நிறுத்திப்போட்டு, குறைச்ச அளவுல மறுபடி போட்டுப் பாக்கலாங்க சார்."

"உன்ற தீசிஸ் எப்பக் குடுக்கோணும்?"

அவள் என்னைப் பார்த்தாள். "ஆகஸ்டுங்க சார்."

"அப்பப் பன்னெண்டுல ஒண்ணக் கழிச்சுப்போடு. பதனொண்ணு கோழின்னு எழுதிக்கலாம்."

அவள் திரும்பிப் போய்விட்டாள். ஈரலைக் குளிர்பெட்டியில் எடுத்து வைத்தது அப்போதுதான் போலிருக்கிறது. அது எனக்குத் தெரியாது. ஒன்று மட்டும் அவளுக்காக எழுதிக்கொள்ளுங்கள். அவளுக்கு ஈரல் தெரியும், தட்டிலிருந்த முட்டை தெரியாது. ஆராயிக்கு முட்டை தெரியும், ஈரல் தெரியாது. இரண்டும் தெரிந்த ஒரே மண்டை என்னுடையது. அந்த மண்டையில் அப்போது எண்பத்து நான்காவது கட்டுரையின் தலைப்பு ஓடிக்கொண்டிருந்தது.

இருபத்து நான்காம் நாள் காலை மணியன் போன் செய்தார். குழந்தை கண் திறக்கமாட்டேன் என்கிறது, சேலம் போகிறோம், நீங்களும் வர வேண்டும் என்றார். "நாங்க பேசுனா டாக்டருங்க காதுல போட்டுக்க மாட்டாங்க சார். நீங்க படிச்சவரு." போனேன். காரில் ஆராயியின் மடியில் நிலா கிடந்தாள். கண்ணின் வெள்ளை இருக்க வேண்டிய இடம் முழுக்க மஞ்சள்.

ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டாக்டர். அவசரமாகப் பார்த்தார், நிதானமாகக் கேட்டார்.

"ஈரல் கெட்டுப்போயிட்டு இருக்கு. குழந்தை என்ன சாப்பிட்டுது? மாத்திரை, எலி பேஸ்ட், பண்ணையில ஏதாவது கெமிக்கல்? யோசிச்சுச் சொல்லுங்க. காரணம் தெரிஞ்சா இப்பவே அதுக்கு மருந்து ஏத்திடலாம்."

"ஒண்ணுமில்லீங்க சாமி" என்றான் மாரி. "சோறும் முட்டையுந்தானுங்க."

டாக்டர் முட்டையைக் காதில் வாங்கவில்லை. யார் வாங்குவார்கள்? டாக்டர் ஒரு கணம் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அந்த ஒரு கணம் முழுக்க எனக்கென்று விடப்பட்டது போல இருந்தது.

"நாட்டு மருந்து குடுத்திருக்காங்க டாக்டர்" என்றேன். "கீழாநெல்லி. அஞ்சு நாளா."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு ஆராயியிடம் திரும்பினார். "நாலு வயசுக் குழந்தைக்கு அஞ்சு நாளா என்னன்னே தெரியாததை அரைச்சுக் குடுத்திருக்கியே. அன்னைக்கே தூக்கிட்டு வந்திருந்தா ஆகாதா?" ஆராயி என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"நீங்க யாரு?" என்று டாக்டர் என்னைக் கேட்டார். வேதியியல் பேராசிரியர் என்றேன். "நல்லவேளை சார், நீங்களாவது சொன்னீங்க" என்றார். மேடம், இதை மறைக்க விரும்பவில்லை. அந்த நேரத்தில் எனக்கு அந்தப் பாராட்டு பிடித்திருந்தது.

அவர் சொன்ன மருந்தின் பெயர் எனக்குத் தெரியும். அசிட்டைல் சிஸ்டீன். இரசாயனத்தால் ஈரல் வேகும்போது முதலில் ஏற்றிப் பார்ப்பது அதைத்தான். வேடிக்கை என்னவென்றால், அதில் வளையமே கிடையாது. வெறும் குட்டைச் சங்கிலி. எங்கள் ஆட்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள், அதை வைத்து ஒரு கட்டுரை தேறாது. அது அந்த மாடியிலேயே, மருந்து அலமாரியில் இருந்தது. என் வாயிலிருந்து ஒரு சொல் வந்திருந்தால் பத்து நிமிடத்தில் குழந்தையின் கையில் ஏறியிருக்கும். பிழைத்திருப்பாளா என்றால், எனக்குத் தெரியாது. 'பிழைத்திருக்கக்கூடும்.' நான் எண்பத்து மூன்று முறை எழுதிய அதே 'கூடும்'தான், இந்த ஒருமுறை மட்டும் எழுதவில்லை.

இருபத்தேழாம் நாள் மதியம் நிலா இறந்தாள்.

மறுநாள் சாவு வீட்டுக்குப் போனேன். இருபத்தெட்டாம் நாள் என்பதால் தராசையும் எடுத்துப் போயிருந்தேன். போகிற வழியில் கடைசிக் கொட்டகை. பதினொரு கோழியையும் எடை பார்த்துக் குறித்துக்கொண்டு, கையைக் கழுவிவிட்டு அந்த வீட்டுக்குப் போனேன். எடை நன்றாகக் கூடியிருந்தது. எல்லோரும் அழுதார்கள். நானும் அழுதேன். நடிப்பு இல்லை. எதற்கு என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

கிளம்பும்போது ஆராயி பின்னாலேயே வந்தாள். கொட்டகை ஓரத்தில் நிறுத்தி, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள்.

"உங்க பேர நான் டாக்டருகிட்டச் சொல்லலீங்க சார். மணியன் அய்யனுகிட்டயுஞ் சொல்லல. இவங்கப்பனுக்குந் தெரியாது. நீங்க நல்லதுக்குத்தான சொன்னீங்க. அளவு தெரியாம அரச்சது நானுங்க. என்ற கையால என்ற புள்ளையக் கொன்னுபோட்டேன்."

இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும். வரிசை தவறிவிட்டது. பத்தொன்பதாம் நாள் நான் எடை பார்க்கப் போனபோது நிலா வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். கண் ஓரத்தில் மஞ்சள் தட்டியிருந்தது. அன்று சாயந்திரமே சேலம் கொண்டுபோகலாமா என்று ஆராயி என்னிடம்தான் கேட்டாள். ஊரில் சுற்றுகிற காமாலைதான், பயப்பட ஒன்றுமில்லை, ஆஸ்பத்திரி வேண்டாம், கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடு, ஐந்து நாளில் இறங்கிவிடும் என்று சொன்னேன். வாய்க்கால் ஓரத்தில் முளைத்திருந்ததை நானே காட்டிக் கொடுத்தேன். செடியின் தாவரவியல் பெயரைக்கூடச் சொன்னேன். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

ஐந்து நாள் என்று எதற்குச் சொன்னேன் என்று நீங்கள் கேட்கவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துக் கேள்வி கேட்டால், பதிலாக ஒரு செடி வேண்டும் என்று தோன்றியது. அதோடு, அந்த ஐந்து நாளும் முட்டையைக் கொடுப்பதை நிறுத்து என்று நான் சொல்லவில்லை. உடம்பு தேற வேண்டுமே என்று அவள் ஒரு முட்டை கூடுதலாகக் கொடுத்தாள். நிறுத்தச் சொன்னால் ஏன் என்று கேட்பாள். கேட்டால் சொல்ல வேண்டும்.

கட்டுரை அக்டோபரில் வெளிவந்தது. எண்பத்து நான்கு. பதினொரு கோழிகள், இருபத்தெட்டு நாள், கழிச்சல் முற்றிலும் கட்டுப்பட்டது. 'குறிப்பிடத்தக்க பக்கவிளைவு எதுவும் காணப்படவில்லை.' கடைசியில் நன்றியுரை. மணியனுக்கும் பண்ணைப் பணியாளர்களுக்கும் நன்றி சொல்லியிருக்கிறேன். பணியாளர்கள் என்பதில் ஆராயியும் அடக்கம். கோவையில் ஒரு கருத்தரங்கில் பொன்னாடை போர்த்தினார்கள். ஒருவர் எழுந்து, இது நடைமுறைக்கு உதவும் ஆராய்ச்சி என்றார். முதல்முறையாக அந்த வாக்கியத்தை வேறொருவர் வாயிலிருந்து கேட்டேன்.

யாழினி தன் பெயரை அந்தக் கட்டுரையில் சேர்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். டிசம்பரில், பழைய கூண்டின் எச்சத்தை மண்ணோடு எடுத்துச் சோதிக்கப் பண்ணைக்குப் போயிருக்கிறாள். யாரும் அவளை அனுப்பவில்லை. அங்கே ஆராயி அவளுக்கு டீ போட்டுக் கொடுத்து, எங்க புள்ளைக்கு இந்தக் கூண்டு முட்டையில மஞ்சக்கரு மட்டும் போதும் என்று சொல்லி அழுதிருக்கிறாள். அதுவரை இரண்டு மண்டையில் இருந்தது ஒரு மண்டைக்குள் சேர்ந்துவிட்டது. அந்த மண்டை என்னுடையது போல இல்லை. நேராக உங்களிடம் வந்துவிட்டாள். புகாரைப் படித்துப் பார்த்தேன். நயன்-சியின் முழுப்பெயரை ஒரு எண்கூடப் பிசகாமல் எழுதியிருக்கிறாள். நல்ல மாணவி. எனக்குப் பெருமையாக இருந்தது.

சரி, விவாதப் பகுதி. அது சின்னதுதான்.

நான் யாருக்கும் எதையும் ஊட்டவில்லை என்று என் வக்கீல் சொல்லச் சொன்னார். சொல்ல முடியாது. ஒன்பதாம் நாள், நிலாவின் தட்டைப் பார்த்துவிட்டுக் காரில் வந்து உட்கார்ந்ததும், ஒரு விடைத்தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். குழந்தையின் எடை பதினான்கு கிலோ இருக்கும். நாளுக்கு மூன்று மஞ்சள் கரு. ஒரு கருவில் இவ்வளவு தங்கும். கிலோவுக்கு இவ்வளவு வந்தது. நான் கோழிக்குப் போட்டுக்கொண்டிருந்த அளவில் ஏறக்குறையக் கால் பங்கு, தினமும் சேர்ந்தால் ஒரு குழந்தைக்கு அது போதும். இரண்டு முறை சரிபார்த்தேன். கணக்கில் ஒன்றும் சேர்க்கவில்லை, ஒன்றும் கழிக்கவில்லை. பிறகு மூன்று நாள் கழித்து யாழினி அந்த ஈரலைப் பற்றிச் சொன்னாள். அப்போதும் தெரியும். கண் மஞ்சளானபோதும் தெரியும். டாக்டர் கேட்டபோதும் தெரியும். மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு கதவைச் சாத்தியது போலத்தான். நிலாவைக் கொன்றது நான். கீழாநெல்லி அல்ல, முட்டை அல்ல, மாரி அல்ல, மணியன் அல்ல.

காரணம் கேட்டீர்கள். இருபத்து நான்கு மில்லிமீட்டர். வேறு எதுவும் இல்லை. என்னிடம் அதுவரை உண்மையாக இருந்த ஒன்று அது மட்டும்தான். அதைக் காப்பாற்ற நினைத்தேன்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். நான் சொன்னதில் ஒரு சொல்லையும் மாற்ற வேண்டாம். மனம் இப்போது லேசாக இருக்கிறது. இவ்வளவு நேர்மையாக நான் எதையும் எழுதியதில்லை.

ஆராயி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னீர்கள். தன்னையே பிள்ளையைக் கொன்றவளாக நினைத்துக்கொண்டு எட்டு மாதம் இருந்துவிட்டாள், பாவம். நீங்களே அவளிடம் சொல்லிவிடுங்கள், மேடம். நான் போய்ச் சொன்னால் அவளுக்குப் புரியாது. இது கொஞ்சம் கெமிஸ்ட்ரி.